அந்தரங்கம் வேறு, பரவலாக்கம் வேறு

2025 செப்டம்பர் கடைசியில் தமிழ்நாட்டின் பல வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி ஓடியது: எல்லோரும் அரட்டைக்கு மாறிவிடலாமா? ஜோஹோவின் அந்தச் செயலி 2021-லேயே வெளிவந்தது. நாலு வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, சில நாட்களில் இந்தியாவின் ஆப் ஸ்டோர் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. விவாதமும் சூடானது. நம்ம ஊர் கம்பெனி, தகவல் எல்லாம் இந்தியாவிலேயே இருக்கும் என்றார்கள் ஒரு பக்கம். அழைப்புகளுக்கு இருக்கும் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் அறிய முடியாத பூட்டு) எழுத்துச் செய்திகளுக்கு இல்லையே, எப்படி மாறுவது என்று கேட்டார்கள் மறுபக்கம். நடுவே ஜோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு வேறொன்றைச் சொன்னார்: இத்தகைய செயலிகள் யுபிஐ போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று பேச வேண்டும், வாட்ஸ்அப் போல மூடியதாக இருக்கக் கூடாது. அந்தப் பேச்சு அதிகம் கவனிக்கப்படாமலே போய்விட்டது.

நாம் பேசிக்கொண்டிருந்தது மூன்று தனித்தனிக் கேள்விகளை. நான் எழுதுவதை யார் படிக்க முடியும் என்பது முதல் கேள்வி. என்னை யார் வெளியே தள்ள முடியும் என்பது இரண்டாவது. பிடிக்காமல் போனால் என் ஆட்களையும் என் எழுத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா என்பது மூன்றாவது. முதலாவது அந்தரங்கம் பற்றியது. மற்ற இரண்டும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியவை. ஒன்றுக்கு நல்ல பதில் தரும் கருவி மற்றவற்றுக்கும் நல்ல பதில் தரும் என்று நம்பிவிடுகிறோம். மாஸ்டடான், புளூஸ்கை போன்ற பரவலாக்கப்பட்ட, அதாவது ஒரே நிறுவனத்தின் கையில் அடங்காமல் பல சர்வர்களில் இயங்கும்படி கட்டப்பட்ட சமூக வலைத்தளங்களைப் பற்றிப் பேச்சு வரும்போது இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. பெரிய கம்பெனி இல்லை, விளம்பரம் இல்லை, அப்படியானால் இது அந்தரங்கமான இடம் என்று பலர் முடிவுகட்டி விடுகிறார்கள். அது சரியல்ல. அதற்காக அவை வேண்டாதவை என்றும் ஆகிவிடாது. அவை எதற்காகக் கட்டப்பட்டன என்று பார்த்தால்தான் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது விளங்கும்.

இந்தியாவில் மாஸ்டடான் என்ற பெயர் பரவலாக அடிபட்டது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. அவர் வைத்திருந்த ஒரு படம்தான் முதல் காரணம். 1936-ல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் கூட்டமே நாஜி வணக்கம் வைக்க, ஒரே ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் புகழ்பெற்ற படம் அது. வெறுப்புக்கு எதிரான படத்தையே வெறுப்புப் படமாக எடுத்துக்கொண்டது ட்விட்டரின் முறைமை. திரும்பக் கிடைத்த கணக்கு இன்னொரு பதிவுக்காக மறுபடியும் முடங்கியது. கோபமடைந்த பலர் மாஸ்டடானில் கணக்கு தொடங்கினார்கள். சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பியும் போனார்கள். ஆனால் அவர்களை நகர்த்திய காரணத்தைக் கவனியுங்கள். தங்கள் செய்திகளை யாரோ படிக்கிறார்கள் என்று அவர்கள் கிளம்பவில்லை. முகம் தெரியாத ஒரு நிறுவனம் ஒரு பொத்தானை அழுத்தி ஒருவரின் குரலை அணைத்துவிட முடிகிறது என்பதற்காகக் கிளம்பினார்கள். மேலே சொன்ன இரண்டாவது கேள்வி அது.

மாஸ்டடானை எழுதியவர் ஜெர்மனியில் வாழும் ஆய்கன் ரோச்கோ. 2016 அக்டோபரில் அதை வெளியிட்டார். அதற்கும் முன்பே இந்த எண்ணம் இருந்தது. 2008-ல் எவான் புரோட்ரோமூ ஐடென்டிகா என்ற தளத்தை, யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளாகத் தொடங்கினார். 2010-ல் நியூயார்க்கில் நான்கு மாணவர்கள் டயஸ்போரா என்ற சமூக வலைத்தளத்துக்காக 10,000 டாலர் கேட்டார்கள், 2 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அந்த முயற்சிகள் பெரிதாக வளரவில்லை, ஆனாலும் அவற்றிலிருந்து ஒரு பொது நெறிமுறை, அதாவது சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதி பிறந்தது. ஆக்டிவிட்டிபப் என்ற பெயரில் அதை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் தரமாக ஏற்றது. மாஸ்டடான், படங்களுக்கான பிக்சல்ஃபெட், வீடியோவுக்கான பியர்டியூப், விவாதங்களுக்கான லெம்மி எல்லாம் இந்த ஒரே மொழியைப் பேசுகின்றன. இந்தக் கூட்டத்துக்கு மொத்தமாக ஃபெடிவர்ஸ் என்று பெயர்.

இது எப்படி இயங்குகிறது என்பதற்கு யுபிஐ நல்ல உதாரணம். டீக்கடையில் ஒட்டியிருப்பது போன்பே க்யூஆர். நாம் ஜிபேயில் பணம் அனுப்புகிறோம். இரண்டும் வேறு வேறு கம்பெனி, இருந்தும் பணம் போய்ச் சேருகிறது. மாஸ்டடானிலும் அப்படித்தான். மதுரையில் இருப்பவர் ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பார், டொரான்டோவில் இருப்பவர் வேறொரு சர்வரில். ஒருவரை ஒருவர் பின்தொடரலாம், பதில் எழுதலாம். முகவரியும் மின்னஞ்சல் போலவே பெயர், பிறகு சர்வரின் பெயர் என்று இரண்டு பகுதியாக இருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. யுபிஐக்கு நடுவில் என்பிசிஐ என்ற ஒரு மையம் இருக்கிறது, எல்லாப் பரிமாற்றமும் அதன் வழியாகப் போகிறது. ஃபெடிவர்ஸுக்கு நடுவில் யாரும் இல்லை. ஒரு சர்வர் இன்னொரு சர்வரின் வாசலில் நேராகவே செய்தியைக் கொண்டுபோய் வைக்கிறது.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை விஷயம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மதுரைக்காரர் ஒரு பதிவு போடுகிறார், அவரைப் பின்தொடர்பவர்கள் 40 வெவ்வேறு சர்வர்களில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவின் பிரதி 40 இடங்களுக்குப் போகிறது. படம் இருந்தால் அதையும் அந்த சர்வர்கள் எடுத்து வைத்துக்கொள்ளும். மறுநாள் அவர் மனம் மாறிப் பதிவை அழிக்கிறார். அவருடைய சர்வரில் அது உடனே போய்விடும். மற்றவற்றுக்கு 'இதை அழித்துவிடுங்கள்' என்ற ஒரு கோரிக்கை போகும். ஒழுங்காக இயங்கும் சர்வர்கள் அழித்துவிடும். அந்த நேரத்தில் செயலிழந்திருந்த சர்வர், பழைய மென்பொருளில் ஓடும் சர்வர், வேண்டுமென்றே எதையும் அழிக்காத சர்வர் ஆகியவற்றில் பிரதி கிடந்துகொண்டே இருக்கலாம். கட்டாயப்படுத்த மேலே யாரும் கிடையாது. ஒரே கம்பெனியின் தளமாக இருந்தால் அழிக்கச் சொல்லி வழக்காவது போடலாம். இங்கே யார் மீது போடுவது என்பதே முதல் பிரச்சினை.

பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று ஒரு வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தப் பதிவும் பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அந்த சர்வர்களின் அட்மின்கள் தரவுத்தளத்தைத் திறந்தால் பார்க்க முடியும். தனிச்செய்தியும் இப்படித்தான். மாஸ்டடானில் அது முனைக்கு முனை மறையாக்கப்பட்ட செய்தி அல்ல, குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் காட்டப்படும் சாதாரணப் பதிவு. மாஸ்டடான் இதை மறைக்கவும் இல்லை. இங்கே ரகசியமான தகவல் எதையும் பகிராதீர்கள் என்று எழுதும் பெட்டியிலேயே எச்சரிக்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

பெரிய தளங்கள் இதில் மேல் என்று சொல்வதற்கும் இல்லை. 2020 ஜூலையில் ட்விட்டர் ஊழியர்களை ஏமாற்றி உள்ளே நுழைந்தவர்கள் 130 கணக்குகளைக் குறிவைத்தார்கள். அவற்றில் 36 கணக்குகளின் தனிச்செய்திகளை அவர்கள் பார்த்திருக்கலாம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. செய்தியைத் திறக்கும் வழி சர்வரிடம் இருக்கும்வரை சர்வரைப் பிடித்தவருக்கு எல்லாம் கிடைக்கும். அந்த சர்வர் கலிபோர்னியாவில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தாலும் ஒன்றுதான், ஒருவரின் வீட்டு மேஜையில் இருந்தாலும் ஒன்றுதான்.

வீட்டு மேஜை என்பதற்கு நிஜ உதாரணமே உண்டு. கொலெக்டிவா என்பது சமூகச் செயற்பாட்டாளர்கள் கூடும் ஒரு மாஸ்டடான் சர்வர். 2023 மே மாதம் அமெரிக்காவில் அதன் அட்மின்களில் ஒருவருடைய வீட்டில் எஃப்பிஐ சோதனை போட்டது. வழக்குக்கும் கொலெக்டிவாவுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் ஏதோ கோளாறைச் சரிசெய்வதற்காக அவர் தரவுத்தளத்தின் ஒரு பிரதியை மறையாக்கம் செய்யாமல் தன் கணினியில் வைத்திருந்தார். கணினியோடு அதுவும் போனது. அந்த சர்வரில் கணக்கு வைத்திருந்த அத்தனை பேரின் மின்னஞ்சல் முகவரிகளும் தனிச்செய்திகளும் அதில் இருந்தன. பெரிய கம்பெனிகளை நம்ப முடியாது என்று விலகி வந்தவர்கள் அவர்கள். பரவலாக்கம் அவர்களுக்குத் தங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் அட்மினைக் கொடுத்தது. வாசலில் போலீஸ் வந்து நிற்கும்போது வழக்கறிஞர் படையோடு எதிர்கொள்ளும் வசதியை அந்த அட்மினுக்கு அது கொடுக்கவில்லை.

இந்தியாவில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்குக் கூடுதல் கடமைகளை வைத்தன. ஆனால் குறைதீர் அலுவலரை நியமிப்பது, புகாரை 24 மணி நேரத்தில் ஏற்றுக்கொள்வது போன்ற அடிப்படைக் கடமைகள், பிறர் எழுதுவதை வாங்கிக் காட்டும் எல்லா இடைநிலை நிறுவனங்களுக்கும் பொது. சட்டத்தின் பார்வையில் 300 நண்பர்களுக்காக ஒரு சர்வரை நடத்தும் பொறியாளரும் ஓர் இடைநிலையாளர்தான். அவர் சம்பளத்திலிருந்து சர்வர் வாடகை கட்டுவார், இரவில் உட்கார்ந்து மென்பொருளைப் புதுப்பிப்பார், ஆபாசப் படம் வந்தால் அவரே நீக்குவார், காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தால் அவரே பதில் எழுத வேண்டும். இந்த உழைப்பை நாம் இலவசமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஒரு சர்வரில் சேர்ந்தால், முடிந்த மாதங்களில் ஒரு சிறு தொகையாவது அனுப்புவதுதான் நியாயம்.

சர்வர் போய்விடும் ஆபத்தும் உண்டு. குயர் ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வரின் முகவரி ஆப்கானிஸ்தானின் டொமைன் எழுத்துகளில் முடிந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்த முகவரியைப் பறித்துக்கொண்டது, சர்வர் ஒரே நாளில் காணாமல் போனது. பெயருக்கு அழகாக இருக்கிறது என்று ஏதோ ஒரு நாட்டின் டொமைனை வாங்குகிறோம், ஆனால் அந்த நாட்டு அரசுக்கு நம் முகவரி மேல் பிடி இருக்கிறது என்று அப்போது யாரும் யோசிப்பதில்லை.

சரி, அந்தரங்கத்துக்கு நல்ல பதில் எங்கே இருக்கிறது? இன்றைக்குப் பெரும்பாலோருக்குச் சிக்னல் என்ற செய்திச் செயலிதான். அது கொஞ்சமும் பரவலாக்கப்படாத சேவை. ஒரே அமைப்பு, அதன் ஒரே சர்வர் கூட்டம், அதன் ஒரே செயலி. இருந்தும் 2016-ல் அமெரிக்க நீதித்துறை இரண்டு எண்களைப் பற்றிய எல்லாத் தகவலையும் கேட்டபோது, அவற்றில் கணக்கு இருந்த ஓர் எண்ணுக்குச் சிக்னலால் இரண்டே விவரங்களைத்தான் கொடுக்க முடிந்தது: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைந்தது. யாரோடு பேசினார், என்ன பேசினார், எந்தக் குழுவில் இருந்தார் என்பதெல்லாம் அவர்களிடமே இல்லை. கொடுக்க மாட்டேன் என்று மறுப்பதைவிட என்னிடம் இல்லை என்று சொல்ல முடிவது பலமான பாதுகாப்பு. மறுப்பை நீதிமன்றம் உடைக்கலாம், இல்லாததை யாராலும் எடுக்க முடியாது.

சிக்னலைத் தொடங்கிய மாக்சி மார்லின்ஸ்பைக் 2016-லேயே இதை வாதமாக வைத்தார். பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் அமைப்பில் ஒரு மாற்றம் கொண்டுவர எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதனால் அது உறைந்துபோகிறது என்றார். மின்னஞ்சலைப் பாருங்கள், இத்தனை வருடம் கழித்தும் முனைக்கு முனை மறையாக்கம் அதில் வழக்கமாகவில்லை. வாட்ஸ்அப்போ அவருடைய நெறிமுறையை எடுத்து 2016 ஏப்ரலில் 100 கோடி பேருக்கு ஒரே வீச்சில் மறையாக்கம் கொடுத்துவிட்டது. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை என்று நான் நினைக்கவில்லை. மேட்ரிக்ஸ் என்ற நெறிமுறை சர்வர்களைப் பரவலாக்கிக்கொண்டே முனைக்கு முனை மறையாக்கத்தையும் தருகிறது. பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கான டிசாப் செயலியையும் ஜெர்மன் ராணுவம் தன் செயலியையும் அதன் மேல்தான் கட்டியிருக்கின்றன. யார் எந்த உரையாடல் அறையில் இருக்கிறார்கள் என்பது அங்கே சர்வர்களுக்குத் தெரியும், அதில் சிக்னல் மேல். ஆனால் 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவை படுத்தபோது சிக்னலும் சேர்ந்து தடுமாறியது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதற்கு அதுதான் விலை.

டெலிகிராம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தமிழ்நாட்டில் பலர் அதை ரகசியமான இடம் என்று நம்புகிறார்கள். அதன் சாதாரண உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கப்பட்டவை அல்ல, குழுக்களுக்கு அந்த வசதியே கிடையாது. 'ரகசிய உரையாடல்' என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு, அதுவும் இருவருக்கு இடையில் மட்டும். பரவலாக்கமும் இல்லை, இயல்பான மறையாக்கமும் இல்லை. மூன்று கேள்விகளுக்கும் அது சுமாரான பதில்தான் தருகிறது.

புளூஸ்கை இன்னொரு விதமான கட்டமைப்பு. 2019-ல் ட்விட்டருக்குள்ளேயே ஜாக் டோர்சி தொடங்கிவைத்த திட்டம் அது, பிறகு தனி நிறுவனமானது. 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் கதவு திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரேசில் உச்ச நீதிமன்றம் எக்ஸ் தளத்தைத் தடைசெய்தபோது சில நாட்களில் 20 லட்சம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்ததும் மொத்தம் 2 கோடியைத் தாண்டியது. ஏடி புரோட்டோகால் என்ற அதன் நெறிமுறையில் ஒவ்வொருவரின் பதிவுகளும் ஒரு தனிக் களஞ்சியத்தில் இருக்கும். விரும்பினால் அந்தக் களஞ்சியத்தையே தூக்கி வேறு சர்வரில் வைக்கலாம், பின்தொடர்பவர்களும் பழைய பதிவுகளும் கூடவே வரும். மாஸ்டடானில் கணக்கை மாற்றினால் பின்தொடர்பவர்கள் வருவார்கள், பழைய பதிவுகள் வராது. வெளியேறும் உரிமையைப் பொறுத்தவரை புளூஸ்கையின் வடிவமைப்பு ஒரு படி முன்னே இருக்கிறது என்றே சொல்வேன்.

ஆனால் அங்கே கிட்டத்தட்ட எல்லோரும் இருப்பது அந்த ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான். பிளாக்ஸ்கை போன்ற சில குழுக்கள் தனியாக உள்கட்டமைப்பு போட்டு வருகின்றன, இன்னும் அது விதிவிலக்குதான். அந்தரங்கமோ மாஸ்டடானைவிடக் குறைவு. நீங்கள் எதற்கு விருப்பக்குறி போட்டீர்கள், யாரைப் பின்தொடர்கிறீர்கள், யாரைத் தடுத்தீர்கள் என்பது எல்லாமே பொதுவெளியில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 நவம்பரில் ஒருவர் 10 லட்சம் புளூஸ்கை பதிவுகளைத் திரட்டி, இயந்திரக் கற்றலுக்கான தரவுத்தொகுப்பாக வெளியிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் அதை நீக்கிவிட்டார். எந்தப் பூட்டையும் அவர் உடைக்கவில்லை, கதவே கிடையாது. தனிச்செய்தி வசதி 2024 மே மாதம் வந்தது, அது நிறுவனத்தின் சொந்த சர்வரில்தான் ஓடுகிறது. அதற்கும் முனைக்கு முனை மறையாக்கம் இல்லாமலேதான் தொடங்கினார்கள்.

இவ்வளவு குறைகள் இருந்தும் பரவலாக்கம் முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அந்த மூன்றாவது கேள்வி. இந்தியாவில் ட்விட்டருக்கு மாற்று என்று 2020-ல் கூ என்ற தளம் வந்தது. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் இயங்கியது, அமைச்சர்களே சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் அது மூடப்பட்டது. அங்கே சேர்த்துவைத்த வாசகர் வட்டத்தை எங்கும் எடுத்துப்போக வழியில்லை. நம் நாட்டு நிறுவனம் என்பது எழுதியவர்களைக் காப்பாற்றவில்லை. அதற்கு முன் ஆர்குட் 2014-லும் கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் இதே வழியில் போயின. கூகுள் பிளஸில் தமிழில் நடந்த நீண்ட உரையாடல்களில் எத்தனை இன்று படிக்கக் கிடைக்கின்றன? எழுதியவர் ஒரு பிரதியைச் சேமித்திருந்தால் உண்டு. பதில் எழுதியவர்களோடு இருந்த தொடர்பு அந்தப் பிரதியிலும் வராது.

2000-களின் தமிழ் வலைப்பூக்களின் கதை வேறு மாதிரி. ஒருவர் பிளாக்ஸ்பாட்டில் எழுதினார், இன்னொருவர் வேர்ட்பிரஸில், மற்றொருவர் சொந்த டொமைனில். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் எல்லோரின் ஆர்எஸ்எஸ் ஓடையையும் (புதுப் பதிவுகளைத் தானாகப் பட்டியலிட்டு அனுப்பும் இணைய வசதி) எடுத்து ஓரிடத்தில் காட்டின. கோயம்புத்தூர்க்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் ஒருவர் பதிவுக்கு ஒருவர் பதில் போட்டுச் சண்டையும் பிடித்தார்கள், நட்பும் ஆனார்கள். அத்தகைய ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது, திரட்டிகளின் காலமும் மெல்ல முடிந்தது. ஆனால் திரட்டி போனபோது எழுத்து போகவில்லை. அந்த வலைப்பூக்கள் பலவற்றை இன்றும் தேடிப் படிக்கலாம். எழுதும் இடமும் வாசகரைச் சேர்க்கும் இடமும் தனித்தனியாக இருந்ததுதான் காரணம். பின்னால் ஃபேஸ்புக் அவை இரண்டையும் ஒன்றாக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. ஏதோ புதுமை போலப் பேசப்படும் இந்தப் பரவலாக்கத்தில் தமிழர்கள் ஏற்கெனவே சில வருடங்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

அரசுகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதும் கணக்கில் வர வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. 2021 விதிகளோ ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி பெரிய செய்திச் செயலிகளைக் கேட்கின்றன. இதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவைவிட்டுக் கிளம்புவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கேயே சொன்னது. 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீர் பாதுகாப்பைக் காரணம் காட்டி 14 செய்திச் செயலிகளை மத்திய அரசு தடைசெய்தது. அந்தப் பட்டியலில் மேட்ரிக்ஸ் செயலியான எலிமென்ட் இருந்தது, இணையமே இல்லாமல் புளூடூத் வழியாகவும் செய்தி அனுப்பக்கூடிய பிரையர் இருந்தது. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதில் வேறு பாதை எடுத்தது. அதன் டிஜிட்டல் சந்தைச் சட்டம், கேட்கும் மற்றச் செயலிகளோடு வாட்ஸ்அப் பேச வழிசெய்ய வேண்டும் என்கிறது. வேம்பு கேட்டதற்கு நெருக்கமான ஒன்று அங்கே சட்டமாகவே இருக்கிறது. இந்தியாவில் பணத்துக்குச் செய்ததைப் பேச்சுக்கும் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன்.

அன்றாடத்தில் என்ன செய்வது என்று பார்த்தால், ஒவ்வொரு பேச்சையும் அதற்குரிய இடத்தில் வைப்பதிலிருந்து தொடங்கலாம். மருத்துவ அறிக்கை, வீட்டுப் பிரச்சினை, வேலையிடத்துப் புகார் எல்லாம் சிக்னலுக்கு. அம்மா சிக்னலுக்கு வர மாட்டார் என்றால் வாட்ஸ்அப்பே பரவாயில்லை, ஆனால் அதன் பேக்கப்புக்கும் மறையாக்கத்தை இயக்குங்கள். 2021-லிருந்து அந்த வசதி இருக்கிறது, நாமாகப் போய் இயக்கினால்தான் வேலை செய்யும். அதை இயக்காவிட்டால் செய்தி போகும் வழியில் பூட்டியிருந்தும் கூகுள் டிரைவில் திறந்து கிடக்கும். ஊர் கேட்க வேண்டிய கருத்து, படித்த கட்டுரை, எடுத்த படம் எல்லாம் மாஸ்டடானுக்கோ புளூஸ்கைக்கோ. அங்கே எழுதும் எதையும் அச்சில் வந்துவிட்டதாகவே நினைத்து எழுத வேண்டும்.

புதிதாக ஒரு செயலியைப் போட்டதும் தொடர்புப் பட்டியலைக் கேட்கும். அனுமதி கொடுத்தால் போவது நம் எண் மட்டுமல்ல, நம் போனில் பெயர் பதிந்திருக்கும் அத்தனை பேரின் எண்ணும்தான். அவர்களில் ஒருவர்கூட நமக்குச் சம்மதம் சொல்லியிருக்க மாட்டார். இதை நான் நாகரிகம் சார்ந்த விஷயமாகவே பார்க்கிறேன். துணிக்கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்பதும் இதன் இன்னொரு முகம். எண் தந்தே ஆக வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னாலும் பில் வரும். கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியும் போட்டால் நம்மைத் தளத்துக்குத் தளம் பின்தொடரும் விளம்பரக் கண்காணிகளில் பெரும்பகுதி நின்றுவிடும். குரோம் தன் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியதால் அந்த நீட்சியின் முழு வடிவம் இப்போது அங்கே ஓடுவதில்லை. உலகின் மிகப்பெரிய விளம்பர நிறுவனங்களில் ஒன்றான கூகுளே உலாவியையும் கையில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எந்த மாஸ்டடான் சர்வரில் சேருவது என்பதுதான் புதியவர்கள் தயங்கி நிற்கும் இடம். அதன் விதிமுறைப் பக்கத்தைப் படித்தால் பாதித் தயக்கம் போய்விடும். நடத்துபவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது, மூடுவதானால் எத்தனை நாள் முன்பு சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மூடுவதற்கு மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது மாஸ்டடான் அமைப்பு தன் பட்டியலில் சேர்க்கும் சர்வர்களுக்கு வைத்திருக்கும் நிபந்தனை. அவ்வப்போது நீங்கள் பின்தொடரும் கணக்குகளின் பட்டியலையும் உங்கள் பதிவுகளையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வேர்ட்பிரஸில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. வேர்ட்பிரஸுக்கான ஆக்டிவிட்டிபப் நீட்சியை, வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2023-ல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது, அதே ஆண்டு வேர்ட்பிரஸ் டாட் காம் வலைப்பூக்களுக்கும் அந்த வசதியைத் திறந்துவிட்டது. அதை இயக்கினால் வலைப்பூவே ஒரு கணக்காகிவிடும். மாஸ்டடானில் இருப்பவர் வலைப்பூவின் முகவரியை அங்கிருந்தே தேடிப் பின்தொடரலாம். அவர் போடும் பதில் வலைப்பூவில் பின்னூட்டமாக வந்து விழும். புதிதாக எங்கும் குடியேற வேண்டியதில்லை, பதினைந்து வருடமாக எழுதிவரும் அதே முகவரியில் எழுதிக்கொண்டே போகலாம்.